தென்பெண்ணை முதல் காவிரி வரை: ராட்சத மிருகப் படங்களை ஒரே உலகமாகக் கட்டுவது எப்படி

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு நல்ல போன், ஒரு கணினி, நான்கு தெர்மாகோல் பலகை வைத்து ராட்சத மிருகக் குறும்படம் எடுத்துவிடலாம். மூன்று படம் எடுத்து, மூன்றும் ஒரே உலகத்தில் நடக்கின்றன என்று பார்ப்பவரை நம்பவைப்பது வேறு வேலை. அதற்குக் கேமராவுக்கு முன்னால் ஒரு கணக்கு நோட்டு வேண்டும். மிருகம் எதை உடைத்தது, யார் வீடு போனது, எந்தப் பாதை மூடப்பட்டது என்ற கணக்கு. படங்களை இணைப்பது அந்தச் சேதம்தான். கடைசிக் காட்சியில் எட்டிப் பார்க்கும் அடுத்த மிருகத்தை வைத்து உலகம் கட்ட நினைப்பவர்கள் இரண்டாவது படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த வகையின் மூத்த கம்பெனியான ஜப்பானின் டோஹோ அவசரப்படவில்லை. 1954-ல் காட்ஜில்லா, 1956-ல் ரோடான், 1961-ல் மோத்ரா என்று தனித்தனியாக வந்தன. மூன்றும் ஒரே திரையில் சேர்ந்தது 1964-ல், மூன்று தலை கிடோராவை எதிர்க்கத்தான். அமெரிக்காவின் மான்ஸ்டர்வெர்ஸும் அப்படியே: 2014-ல் காட்ஜில்லா, 2017-ல் ராட்சதக் குரங்கு காங்கின் கதை (1973-ஆம் ஆண்டில் நடப்பது), இரண்டும் நேருக்கு நேர் மோதியது 2021-ல். எதிர் உதாரணமும் உண்டு. யுனிவர்சல் கம்பெனி 2017-ல் நடிகர்கள் வரிசையாக நிற்கும் ஒரு படத்தை வெளியிட்டு ‘டார்க் யுனிவர்ஸ்’ என்று முதலில் அறிவித்தது. முதல் படம் எடுபடாமல் போனதும் உலகமே கைவிடப்பட்டது. நம் ஊரிலேயே பாருங்கள்: 2019-ல் ‘கைதி’ வந்தபோது அதை ஒரு உலகத்தின் முதல் படமென்று யாரும் விற்கவில்லை. பிடிபட்ட போதைச் சரக்கு கணக்கில் நின்றது, 2022-ல் ‘விக்ரம்’ அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. ஆகவே முதல் படத்தின் போஸ்டரில் ‘பாகம் 1’ என்று போடாதீர்கள்.

பயத்தை உள்ளூரில் எடுங்கள்

1954 மார்ச்சில் பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு சோதனை நடந்தது. அதன் கதிர்வீச்சுத் தூசி ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே வருடம் நவம்பரில் காட்ஜில்லா திரைக்கு வந்தது. மிருகத்துக்குப் பின்னால் ஊருக்குத் தெரிந்த பயம் ஒன்று நிற்க வேண்டும். அணுகுண்டை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் பொங்கும் வெள்ளை நுரை இருக்கிறது. மலைகளை அறுத்தெடுக்கும் கிரானைட் குவாரி இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமான நிலத்தடிப் புளோரைடு இருக்கிறது. அக்டோபரில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு இறங்கி ராகிக் கொல்லையில் நிற்கும் யானைக் கூட்டமும் இருக்கிறது.

ஒரு மிருகத்துக்கு ஒரு பயம் போதும். இரண்டை ஏற்றினால் வசனத்தில் விளக்கவேண்டி வரும். பெயரையும் ஊர்க்காரர் வைப்பதுபோல் வையுங்கள். காட்டோரத்தில் யானைக்கு உருவத்தைப் பார்த்துத்தான் பட்டப்பெயர் வைக்கிறார்கள். இந்தக் குறிப்பில் உதாரணத்துக்கு மூன்று: குவாரி வெடியில் எழுந்த ஒத்தக்கொம்பன், தென்பெண்ணை நுரையில் வளர்ந்த நுரையன், ஒகேனக்கல் மடுவில் கிடக்கும் மடுவாள். குலதெய்வம், முனியப்பன், காளி பெயர்களைத் தொடாதீர்கள். ஊர்த் திடலில் ஷூட்டிங் நின்றுபோவதற்கு அந்த ஒரு காரணம் போதும். காட்ஜில்லாவின் பெயரும் உருவமும் டோஹோவின் சொத்து. முதுகுத் தகடு, வாயிலிருந்து நீல ஒளி என்று சாயல்கூட வேண்டாம்.

முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண்கள்

உயரத்தை முதலிலேயே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நிற்கும் மிருகத்துக்கு 45 மீட்டர் நல்ல அளவு. உயர்மின் கோபுரம் ஒன்றின் ஒன்றரை மடங்கு வரும், ஆனாலும் ஒரே பிரேமில் மனிதனையும் அதையும் சேர்த்துக் காட்ட முடியும். இன்னொரு காரணம் ஆள் மாட்டிக்கொள்ளும் மிருக உடையில் இருக்கிறது, கீழே வருகிறது.

எடை. 3 மீட்டர் யானை 4 டன் என்று வைத்தால், அதே உடல்வாகில் 45 மீட்டர் என்பது 15 மடங்கு. எடை 15-ன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 3,375 மடங்கு, அதாவது 13,500 டன். பாதத்தின் பரப்பு 225 மடங்குதான் கூடும், ஆகவே தரைமேல் விழும் அழுத்தம் யானையைப்போல் 15 மடங்கு. ராகி வயலில் கால் புதையும், தார்ச்சாலை நொறுங்கும், பாறையில் விரிசல் விழும். இந்த மூன்று தரைக்கும் மூன்று தடயத்தை இப்போதே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படத்திலும் அவை மாறக்கூடாது.

வேகம். கால் நீளம் 15 மடங்கு ஆனால் நடை வேகம் அதன் வர்க்கமூலமான 3.9 மடங்குதான் கூடும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் யானையின் கணக்கில் இது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். தேசிய நெடுஞ்சாலை 44-ல் போகும் எந்த லாரியும் அதை முந்திவிடும். இது குறைபோலத் தெரியும். உண்மையில் திரைக்கதைக்குக் கிடைக்கும் பெரிய உதவி இதுதான், ஏனென்றால் ஊரைக் காலி செய்ய எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பாத்திரங்களும் பார்வையாளரும் ஒரே கணக்கைப் போடலாம்.

சத்தம். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். கடினப் பாறை வழியே அதிர்வு பல கிலோமீட்டர் வேகத்தில் போகும். இரண்டு மாவட்டமும் பாறைமேல் உட்கார்ந்திருக்கின்றன. 3 கிலோமீட்டர் தள்ளி மிருகம் கால் வைத்தால் முதலில் அலமாரியில் எவர்சில்வர் தட்டு அதிரும், ஏறக்குறைய எட்டு நொடி கழித்துத்தான் ‘தொம்’ கேட்கும். காட்சியும் சத்தமும் ஒன்றாக விழுந்தால் மிருகம் பக்கத்து வீட்டு மாடியளவுக்குச் சுருங்கிவிடும். அமெச்சூர் படங்களில் அதிகம் நடக்கும் பிழை இது.

மிருகம் ஒளிந்துகொள்ளும் இடத்தையும் அளந்து பாருங்கள். கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 52 அடி, அதாவது 16 மீட்டர். 45 மீட்டர் மிருகம் அதில் நின்றால் 29 மீட்டர் வெளியே தெரியும். நுரையனை நிற்கும் மிருகமாக வடிவமைத்தால் அவன் ஒளிய இடமே கிடையாது. 45 மீட்டர் நீளமும் 8 மீட்டர் முதுகுயரமும் உள்ள படுக்கை உடம்பு வேண்டும். மடுவாளுக்கும் அதே விதி. ஒகேனக்கல் முதலையை நினைத்துக்கொண்டு வரையலாம்.

அளவு பின்னால் மாறியாக வேண்டும் என்றால் விதையை இப்போதே போடுங்கள். 2017 படத்தில் காங் சுமார் 32 மீட்டர்தான், ஆனால் இன்னும் வளர்கிறான் என்று அந்தப் படத்திலேயே ஒரு வரி வைத்தார்கள். 2021-ல் 100 மீட்டரைத் தாண்டி வந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை.

வரைபடம்

தென்பெண்ணை கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை வழியாகச் சாத்தனூர் பக்கம் போய்விடுகிறது. காவிரி ஒகேனக்கலிலிருந்து மேட்டூருக்கு இறங்குகிறது. இரண்டும் எங்கும் சேர்வதில்லை. நுரையனும் மடுவாளும் ஆற்றுக்குள் சந்திக்கவே முடியாது என்று அர்த்தம். தளி மலைப்பக்கம் பிறந்து பஞ்சப்பள்ளி அணை வழியாக வந்து ஒகேனக்கலில் காவிரியோடு சேரும் சின்னாறு மடுவாளுக்கு மேலேறும் வழி. நுரையன் தென்பெண்ணையை விட்டுக் கரையேற வேண்டும். மோதல் விழும் இடம் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவிலுள்ள மேட்டுநிலம். சேலம்–பெங்களூரு ரயில் பாதையும் அந்த வழியேதான் போகிறது. மூன்றாவது படத்தின் சண்டைக்களத்தை எழுத்தாளர் தேடவேண்டிய வேலையே மிச்சம், வரைபடம் கொடுத்துவிடுகிறது. எந்த மேடு எந்த ஆற்றின் நீரைப் பிரிக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் உள்ளூர்க்காரர் முதல் ஐந்து நிமிடத்தில் சிரித்துவிடுவார்.

மாதமும் கணக்குதான். ஒத்தக்கொம்பன் படம் ராகி அறுவடைக் காலமான டிசம்பரில் நடக்கட்டும், அழிந்த கொல்லையைப் பார்த்து எல்லாரும் யானை என்றே நினைப்பார்கள். மடுவாள் படம் காவிரியில் வெள்ளம் வரும் ஜூலை, ஆகஸ்டில். பின்கதை வேண்டுமானால் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று 2017-ல் உடைந்த நாளிலிருந்து தொடங்கலாம்.

சேதப் பதிவேடு

படத்தொகுப்பு முடிந்த அன்றே உட்கார்ந்து எழுதுங்கள், அடுத்த படத்தின் கதை தொடங்கும் வரை தள்ளிப்போடாதீர்கள். உடைந்த பொருள், இடம், தேதி, பார்த்தவர், அதிகாரிகள் சொன்ன காரணம், அடுத்த படத்தில் அதன் நிலை என்று ஆறு பத்திகள் போதும். ஐந்தாவது பத்திதான் உலகத்தை ஓட்டும். முதல் படத்தில் ‘யானைச் சேதம்’ என்று எழுதி இழப்பீடு கேட்ட மனு, இரண்டாவது படத்தில் நிலுவையில் இருக்கும். மூன்றாவது படத்தில் அந்த மனுவை எழுதியவரே சாட்சி.

பல படங்களில் வரும் ரகசிய ஆராய்ச்சி அமைப்பு நம் மண்ணில் ஒட்டாது. இங்கே எதற்கும் முதலில் வந்து நிற்பவர் தலையாரி, பிறகு வி.ஏ.ஓ., வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், மின்வாரிய லைன்மேன். இவர்களில் ஒருவரை எடுத்து மூன்று படத்திலும் பத்துப் பத்து வரி கொடுங்கள். நாயகனாக்க வேண்டாம், அப்படியாக்கினால் அவர் தேதிக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும். மூன்று படத்துக்கும் சேர்த்து அவரிடம் முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் பதிவேடு தவறும். ஒன்று, உண்மையான பாலத்தை முதல் படத்தில் உடைத்துவிட்டு இரண்டாவது படத்தில் அதன்மேலேயே பைக் ஓட்டுவது. அன்றாடம் எல்லாரும் கடக்கும் கட்டடங்களை உடைக்காதீர்கள். கற்பனைக் கிராமம், மூடிய குவாரி, மாங்கூழ்த் தொழிற்சாலை என்று மறுபடி காட்டத் தேவையில்லாதவற்றை உடையுங்கள். இரண்டாவது, மக்கள் மறந்துபோவது. மிருகம் ஒன்று வந்துபோன மாவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடக்கும், குவாரி வெடிக்கு நேரக் கட்டுப்பாடு வரும், நிலத்தின் விலை விழும், தட்டு அதிர்ந்தால் பாட்டி எட்டு வரை எண்ணுவாள். இரண்டாவது படத்திலும் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் உலகம் அங்கேயே உடைந்தது.

படமெடுப்பு

20 நிமிடக் குறும்படத்துக்கு மிருகம் தெரியும் ஷாட் 12 போதும், ஒவ்வொன்றும் 3 முதல் 5 நொடி. குறைவு என்று நினைக்காதீர்கள். 2014 காட்ஜில்லாவில் இரண்டு மணி நேரத்தில் அது திரையில் நிற்பது சுமார் பத்து நிமிடம்தான். 2023-ல் வந்த ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ ஏறக்குறைய 35 பேர் கொண்ட குழு செய்த 610 விஷுவல் எபெக்ட்ஸ் ஷாட்டுகளோடு ஆஸ்கர் வாங்கியது. ஷாட்டை எண்ணிச் செலவழிப்பதுதான் தொழில்.

ஆள் மாட்டிக்கொள்ளும் மிருக உடையும், ஊரைச் சின்னதாகச் செய்யும் மினியேச்சரும்தான் நமக்குக் கட்டுப்படியாகும். 45 மீட்டரை 25-ஆல் வகுத்தால் 1.8 மீட்டர், தலையோடு சேர்த்து உடை போட்ட ஆளின் உயரம். எல்லாவற்றையும் 1:25 அளவில் செய்யுங்கள்: ஒரு மாடி 12 சென்டிமீட்டர், 10 மீட்டர் லாரி 40, 18 மீட்டர் தென்னை 72, 30 மீட்டர் மின்கோபுரம் 120. 12-க்கு 8 அடி மேடை திரையில் 90-க்கு 60 மீட்டர் ஊராகும், ஒரு தெருமுனைக்குப் போதும். மனிதனின் கண்மட்டம் 1.5 மீட்டர், இந்த அளவில் 6 சென்டிமீட்டர். போனைக் கிடைமட்டமாக வைத்து லென்ஸ் கீழ்ப்பக்கம் வருமாறு திருப்பி, அடியில் கட்டை கொடுத்து லென்ஸை 6 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். இடுப்புயரத்தில் வைத்து எடுத்தால் எவ்வளவு நல்ல மினியேச்சரும் கொலு பொம்மையாகிவிடும். போனின் சின்ன சென்சார் இங்கே வரம், முன்னும் பின்னும் கூர்மையாக விழும். பெரிய கேமராவில் எடுத்தால் பின்னணி மங்கும், அந்த மங்கலே பொம்மை என்று காட்டிக்கொடுக்கும்.

பிரேம் வேகம் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25-ன் வர்க்கமூலம் 5, அதை 24-ஆல் பெருக்கினால் நொடிக்கு 120 பிரேம். பெரும்பாலான போன்களில் இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் 24-ல் இருக்கட்டும், 30-ல் போட்டால் நான்கு மடங்குதான் மெதுவாகும், சுவர் சீக்கிரம் விழும். உடை போட்டவர் இயல்பாக நடக்க வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் திரையில் 20 வரும், நோட்டில் எழுதிய வேகத்தோடு பொருந்தும். கனமாகக் காட்டுகிறேன் என்று அவரும் மெதுவாக நடந்தால் தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல் ஆகிவிடும். 120 பிரேமுக்கு வெளிச்சம் ஐந்து மடங்கு வேண்டும், வெயிலில் எடுங்கள். இரவுக் காட்சிக்கு வீட்டு எல்.இ.டி. விளக்கைப் போட்டால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் சிமிட்டலாகப் பதியும். பேட்டரியில் எரியும் விளக்கு பாதுகாப்பு, அதையும் மங்கவைக்காமல் முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள்.

1954-ல் முதலில் செய்த உடை 100 கிலோவுக்குப் பக்கம். அதற்குள் இருந்த ஹருவோ நகாஜிமாவால் அதிகத் தூரம் நகர முடியவில்லை. 12 கிலோவைத் தாண்டாதீர்கள். உடம்புக்கு 10 மில்லிமீட்டர் இ.வி.ஏ. ஃபோம், மூட்டுகளுக்கு 5. வெயிலில் ரப்பர் பசை இளகிப் பிரியும், ஆகவே மூட்டு வரிசைகளை நைலான் நூலால் தைத்துவிடுங்கள். தலைக்கும் தோளுக்கும் தெருக்கூத்துக் கட்டை (மரக் கிரீடம், தோளணி) செய்பவரிடம் போங்கள். கல்யாணமுருங்கையில் எடையில்லாமல் பெரிய உருவம் செய்யவும், அதைக் கட்டிக்கொண்டு விடியவிடிய ஆடினாலும் சரியாமல் நிற்கவும் கூத்துக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவருக்கு ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், பிறகு தலையைக் கழற்றி உப்புப் போட்ட மோர். மயக்கம், குமட்டல் என்று சொன்னால் அன்றைக்கு அவருக்கு வேலை முடிந்தது.

படுத்துக்கிடக்கும் ராட்சத உடம்பு தரையிலிருந்து எப்படித் தெரியும் என்பதற்குப் பாரதக் கூத்தின் படுகளத்தில் மண்ணால் செய்யும் துரியோதனனைவிட நல்ல பாடம் இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, கால்பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சடங்கை ஷூட்டிங் ஆக்க வேண்டாம்.

உடையும் சுவருக்குப் பாரிஸ் சாந்து 4 மில்லிமீட்டர், மரத்தூள் கலந்து, பின்பக்கம் கத்தியால் கோடு கீறி. கீறாவிட்டால் முழுப் பலகையாக விழும். தூசிக்குச் சலித்த முல்தானி மட்டி. குவாரித் தூள் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா, இலவசமாகக் கிடைக்கிறதென்று தொடாதீர்கள். அரிசி மாவு, ராகி மாவு காற்றில் பறக்கும்போது நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றும். எதைத் தூவினாலும் எல்லாரும் மாஸ்க். தண்ணீரை மினியேச்சரில் முயலவே வேண்டாம், துளியின் அளவைச் சுருக்க முடியாது. அருவியைத் தனியாக எடுத்துக் கணினியில் சேருங்கள், பிளெண்டரும் டாவின்சி ரிசால்வும் இலவசமாகவே இதற்குப் போதும். பின்னணிக் காட்சியை ஸ்டாண்டில் பூட்டி எடுத்து, லென்ஸ் உயரம், நேரம், 1 மீட்டர் குச்சியின் நிழல் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குச்சி நிழல் 1.6 மீட்டர் என்றால் மிருகத்தின் நிழல் 72 மீட்டர் விழ வேண்டும்.

உறுமலுக்கு உறுமி இருக்கிறது. காட்ஜில்லாவின் முதல் குரலை இசையமைப்பாளர் இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் தந்திகளை இழுத்து உண்டாக்கினார். உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். 44.1-ல் பதிந்தால் இறக்கியபின் மேல் ஒலி போய் மந்தமாகும். மூன்று மிருகத்துக்கும் மூன்று வாத்தியம் ஒதுக்கி நோட்டில் எழுதுங்கள். முதல் படத்தில் கேட்ட குரல் இரண்டாவதில் வானொலிப் பின்னணியில் இரண்டு நொடி வந்தாலே இணைப்பு நடந்துவிடும்.

காகிதம்

குழுவில் யார் எந்த மிருகத்தை வரைந்தாலும் உரிமை யாரிடம் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மூன்று படம் எடுத்து முடிக்க ஐந்து வருடம் ஆகிவிடலாம், அதற்குள் ஒத்தக்கொம்பனை வரைந்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருக்கலாம். காலத்தையும் எல்லையையும் எண்ணும் எழுத்துமாகப் போடுங்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் கேமரா போகவே வனத்துறை எழுத்து அனுமதி வேண்டும். டிரோன் 250 கிராமுக்குள் இருந்தாலும் அந்த அனுமதி தனி. வெளியே பச்சை மண்டலத்தில் (வான்வெளிக்கு முன் அனுமதி தேவைப்படாத பகுதி) 400 அடி வரை பறக்கவிடலாம், எந்த இடம் பச்சை என்பதைப் பறக்கவிடும் அன்று காலையில் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.